பிஹஸ்ஸஸ்ஸி: ஹிட்டைட் பலகைகளில் ஒரு லூவியச் சொல்

கி.மு. 13ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஹிட்டைட் அரசன் இரண்டாம் முவத்தல்லியின் நீண்ட பிரார்த்தனை ஒன்று களிமண் பலகைகளில் கிடைத்திருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட தெய்வங்களின் பெயரை ஊர் ஊராக அடுக்கிக்கொண்டு போகிற அந்தப் பிரார்த்தனையில், எல்லாத் தெய்வங்களிடமும் தன் சார்பில் பேசும்படி அரசன் ஒரே ஒரு தெய்வத்தை வேண்டுகிறான். அந்தத் தெய்வம் புயல் தெய்வத்தின் ஒரு வடிவம். அதற்குரிய அடைமொழிதான் பிஹஸ்ஸஸ்ஸி. வாக்கியம் ஹிட்டைட், வினை ஹிட்டைட், சுற்றியிருக்கும் சொற்கள் ஹிட்டைட். இந்த ஒரு சொல் மட்டும் லூவியம் என்ற வேறொரு மொழி. அது லூவியம்தான் என்று எப்படித் தெரியும், பொருள் என்ன, எங்கிருந்து வந்தது என்ற மூன்றையும் இந்தப் பதிவில் நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் இடமும் காலமும். ஹிட்டைட்டுகளின் தலைநகர் ஹத்துஸா. இன்று துருக்கியில் போஆஸ்கலே என்று அழைக்கப்படும் ஊர், அங்காராவுக்குக் கிழக்கே. 1906இல் வின்க்லரும் மக்ரிதியும் தோண்டத் தொடங்கியதும், ஈரக் களிமண்ணில் ஆப்பு ஆப்பாகக் குத்தி எழுதிய ஆப்பெழுத்துப் பலகைகள் ஆயிரக்கணக்கில் வெளியே வந்தன. 1915இல் ஹ்ரோஸ்னி என்ற ஆய்வாளர் அந்த ஹிட்டைட் மொழி இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று காட்டினார். 1919இல் ஃபோரர், அதே பலகைக் குவியலில் எட்டு மொழிகள் இருக்கின்றன என்று எழுதினார். அவற்றில் ஒன்று லூவியம். ஹிட்டைட் எழுத்தர்களே இதற்கு 'லூவிலி' என்று பெயர் வைத்திருந்தார்கள். 'லூவிய முறையில், லூவிய மொழியில்' என்று பொருள். தங்கள் மொழியை அவர்கள் 'நேஸிலி' என்றார்கள், நேஸா என்ற பழைய ஊரின் பெயரால்.

ஹிட்டைட்டும் லூவியமும் உடன்பிறந்த மொழிகள். இரண்டும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் அனத்தோலியக் கிளை. சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஹிட்டைட்டில் வேறு குடும்ப மொழிகளான அக்காடியத்தின் சொல்லோ ஹுர்ரியத்தின் சொல்லோ வந்தால் அது அயல் சொல் என்று முதல் பார்வையிலேயே தெரியும். லூவியச் சொல் அப்படி இல்லை. ஒரே தாயிடமிருந்து இரண்டு மொழியும் பெற்ற சொல்லா, ஒன்று மற்றொன்றிடம் பின்னால் வாங்கிய சொல்லா என்பதைப் பிரித்தறிய வேண்டும். இதைச் சரியாகச் செய்வதற்குத்தான் பயிற்சி தேவை.

குமரி மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இந்தச் சிக்கலை விளக்கவே வேண்டாம். 1956 நவம்பர் 1 வரைக்கும் நமக்கு ஆட்சி மொழி மலையாளம், வீட்டு மொழி தமிழ். விளவங்கோடு, கல்குளம் பக்கம் போனால் 'தேங்ஙா', 'மாங்ஙா' என்று காதில் விழும். தமிழில் 'ங்க' இருக்கும் இடத்தில் மலையாளத்தில் 'ங்ங' வரும், 'ஞ்ச' இருக்கும் இடத்தில் 'ஞ்ஞ' வரும். நம் கஞ்சி அங்கே கஞ்ஞி. ஆகவே ஒருவர் தமிழ் பேசும்போது நடுவில் 'தேங்ஙா' வந்தால் அந்தச் சொல் எந்த வழியாக வந்தது என்று ஒலியே சொல்லிவிடும். ஆனால் 'குடிக்க வெள்ளம் தா' என்பதில் ஒலி ஒன்றும் சொல்லாது. வெள்ளம் தமிழிலும் இருக்கிறது, ஒலியில் ஒரு வேறுபாடும் இல்லை. 'ஆற்றில் பெருகி வருவது' என்ற பொருள் போய் 'தண்ணீர்' என்ற பொருள் வந்திருப்பதுதான் அடையாளம். சில சொற்களை ஒலி காட்டிக்கொடுக்கும், சிலவற்றைப் பொருள் காட்டிக்கொடுக்கும், சிலவற்றை விகுதி காட்டிக்கொடுக்கும். பிஹஸ்ஸஸ்ஸி மூன்றாவது வகை.

விகுதிக்குப் போவதற்கு முன்னால் இரண்டு சோதனைகளைத் தாண்ட வேண்டும்.

ஹிட்டைட் எழுத்தர்கள் சில சொற்களுக்கு முன்னால் சாய்வாக ஓர் ஆப்பு, அல்லது இரண்டு ஆப்பு, குத்தி வைப்பார்கள். பதிப்புகளில் இதை முக்காற்புள்ளி போலவோ சாய்கோடு போலவோ அச்சிடுகிறார்கள். புதிதாகப் படிப்பவர்கள் இதை நிறுத்தற்குறி என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆப்பெழுத்தில் நிறுத்தற்குறி கிடையாது. அது 'அடுத்து வருவது நம் வழக்கமான சொல் அல்ல' என்று எழுத்தர் தருகிற எச்சரிக்கை. கி.மு. 13ஆம் நூற்றாண்டுப் பலகைகளில் இப்படி ஆப்புக் குறி போட்ட சொற்களில் பெரும்பாலானவை லூவியம். ஆகவே ஆப்புக் குறி இருந்தால் லூவியம், இல்லாவிட்டால் ஹிட்டைட் என்று கணக்குப் போடத் தோன்றும். அந்தக் கணக்கு நிற்காது. ஒரே சொல் ஓரிடத்தில் குறியோடும் வேறோரிடத்தில் குறியில்லாமலும் வரும். லூவியம் அல்லாத சொற்களுக்கும் குறி விழுந்திருக்கிறது. வரி இடம் போதாமல் மடங்கும்போது அதைக் காட்டவும் இதே ஆப்பைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேல், மொழியில் நன்றாகக் கலந்துவிட்ட கடன் சொல்லுக்கு எழுத்தர் குறி போடவே மாட்டார், அவருக்கு அது அயலாகவே தோன்றாது. பிஹஸ்ஸஸ்ஸி தெய்வத்தின் பெயரோடு ஒட்டிப்போன அடைமொழி. குறியை மட்டும் நம்பித் தேடினால் இப்படிப்பட்ட சொற்களெல்லாம் கைநழுவிப் போகும். என் பார்வையில் ஆப்புக் குறி ஒரு துணைச் சான்று, அவ்வளவுதான்.

அடுத்தது ஒலி. ஹிட்டைட்டையும் லூவியத்தையும் பிரிக்கிற ஒலி விதிகள் தெளிவானவை. இரண்டுக்கும் தாயான மூலமொழியின் குறுகிய 'எ' லூவியத்தில் 'அ' ஆகும். அந்த 'எ' அழுத்தம் பெற்று, அதன்பின் ஒற்றை மெய் வந்தால் லூவியத்தில் அந்த மெய் இரட்டிக்கும். தேனுக்கு ஹிட்டைட்டில் 'மிலித்', லூவியத்தில் 'மல்லித்'. ஒரு ஹிட்டைட் பலகையில் 'மல்லித்' என்று இருந்தால் அது கடன் என்று உடனே சொல்லிவிடலாம். 'இருக்கிறது' என்பதற்கு ஹிட்டைட் 'ஏஸ்ட்ஸி', லூவியம் 'ஆஸ்தி'. அதாவது சொல்லின் கடைசியில் நின்ற 'தி' ஹிட்டைட்டில் 'ட்ஸி' ஆகிவிட்டது, லூவியத்தில் அப்படியே நின்றது. மூலமொழியின் அண்ணச் சாயல் கொண்ட 'க' ஹிட்டைட்டில் 'க' ஆகவே இருக்க, லூவியத்தில் 'ட்ஸ' ஆனது. இதயத்துக்கு ஹிட்டைட் 'கர்த்', லூவியம் 'ட்ஸார்த்'. அதன் மூச்சொலி வடிவமோ லூவியத்தில் சில இடங்களில் மறைந்தே போனது. கைக்கு ஹிட்டைட் 'கெஸ்ஸர்', லூவியம் 'ஈஸ்ஸரி'.

இந்த விதிகள் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு பிஹஸ்ஸஸ்ஸிக்கு வந்தால் ஏமாற்றம்தான். 'பிஹ' என்ற பகுதியில் இரட்டிக்கும் மெய் இல்லை, 'தி' இல்லை, 'க' இல்லை. முதல் உயிராவது உதவுமா என்றால், ஆப்பெழுத்தில் அந்த முதல் குறியை 'பி' என்றும் படிக்கலாம், 'பெ' என்றும் படிக்கலாம். ஒலி விதி இங்கே கைகொடுக்காது.

இனி சொல்லையே கையில் எடுத்து ஒவ்வொரு குறியாகப் பார்ப்போம். பலகையில் எழுவாய் வடிவத்தில் அது ஏழு குறிகள்: பி-ஹ-அஸ்-ஸ-அஸ்-ஸி-இஸ். இதற்கு முன்னால் 'தெய்வம்' என்று காட்டும் குறி, அதையடுத்து புயல் தெய்வத்துக்கான குறி. புயல் தெய்வத்தின் குறி ஒரே ஒரு கோண ஆப்பு. அதுவே பத்து என்ற எண்ணும் கூட. அதனால்தான் சில பதிப்புகளில் புயல் தெய்வத்தின் இடத்தில் 10 என்று அச்சாகியிருக்கும். இது அச்சுப் பிழை அல்ல.

படிக்கும்போது வழுக்கும் இடம் 'அஸ்'. அந்தக் குறி கிடையாக ஒரே ஓர் ஆப்பு. நம் சொல்லில் அது இருமுறை வருகிறது, ஒவ்வொரு முறையும் பக்கத்தில் ஒரு ஸகர வரிசைக் குறி. கண் முதல் 'அஸ்'ஸிலிருந்து இரண்டாவதுக்குத் தாவினால் 'பி-ஹ-அஸ்-ஸி-இஸ்' என்று சுருங்கிவிடும். அதுவும் ஒரு நல்ல சொல் போலவே தோன்றும், ஆனால் அதைப் பிரித்தால் தவறான முடிவுக்குப் போவோம். பலகையின் ஓரம் உடைந்த இடத்தில் ஒற்றைக் கிடை ஆப்பு தேய்ந்து போவதும் உண்டு. ஆகவே இந்தச் சொல் வரும் இடங்களிலெல்லாம் குறிகளை விரல் வைத்து எண்ண வேண்டும். எழுவாயாக வந்தால் ஏழு, கடைசி 'இஸ்' இல்லாமல் வந்தால் ஆறு.

'ஸ' என்று நான் எழுதுவதை ஆங்கில, ஜெர்மன் பதிப்புகளில் மேலே கொக்கி போட்ட எழுத்தால் காட்டுவார்கள். அதைப் பார்த்து 'ஷ' என்று படிக்க வேண்டாம். அக்காடிய மரபிலிருந்து வந்த எழுத்துமுறை அது. ஹிட்டைட்டுகள் அதைச் சாதாரண 'ஸ' ஆகவே ஒலித்தார்கள் என்பது பொதுவான முடிவு. 'ஹ' மட்டும் நம் ஹகரத்தைவிடத் தொண்டையின் அடியிலிருந்து வருகிற உரசொலி.

மெய் இரட்டிப்பதைப் பற்றித் தமிழ் வாசகர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஹிட்டைட் எழுத்தில் பகரத்தின் வல்லொலியையும் மெல்லிய ஒலியையும் பிரித்துக் காட்டத் தனிக் குறிகளைப் பயன்படுத்துவதில்லை. சொல் நடுவில் இரட்டித்து எழுதினால் வல்லொலி, ஒற்றையாக எழுதினால் மெலிந்த ஒலி. தப்பு, தபால் என்று எழுதிப் பழகிய நமக்கு இது இயல்பாகவே புரியும். ஐரோப்பிய மாணவர்கள் இந்த இடத்தில் தடுமாறுவதைப் பார்க்கலாம். ஆனால் இந்த உத்தி சொல்லின் முதலில் செல்லாது, அங்கே இரட்டிக்க முடியாது. ஆகவே பிஹஸ்ஸஸ்ஸியின் முதல் ஒலியின் தன்மையை எழுத்து சொல்லவில்லை. மொழி ஒப்பீடுதான் சொல்ல வேண்டும். அதற்குப் பின்னால் வருவோம்.

இப்போது பிரிப்பு. கடைசியில் நிற்கும் 'ஸ்' எழுவாய் வேற்றுமை உருபு. அதை எடுத்துவிட்டால் 'பிஹஸ்ஸஸ்ஸி'. இதை 'பிஹஸ்' என்றும் 'அஸ்ஸி' என்றும் இரண்டாக வெட்ட வேண்டும். 'பிஹஸ்' ஒரு பெயர்ச்சொல். 'அஸ்ஸ' அல்லது 'அஸ்ஸி' என்பது லூவியத்தின் மிகப் பெரிய அடையாளம்: பெயர்ச்சொல்லிலிருந்து 'அதற்குரிய' என்ற பெயரடையை உண்டாக்கும் விகுதி. ஹிட்டைட்டில் 'தெய்வத்தின் வீடு' என்று சொல்ல ஆறாம் வேற்றுமை உருபு போதும். லூவியர்கள் அந்த இடத்தில் பெயரடை ஆக்கி, அடுத்து வரும் பெயரோடு பால், எண், வேற்றுமை எல்லாம் பொருந்த வைத்தார்கள். புயல் தெய்வம் எழுவாயாக வந்தால் பிஹஸ்ஸஸ்ஸிஸ், செயப்படுபொருளாக வந்தால் பிஹஸ்ஸஸ்ஸின்.

இதில் அந்த 'இ' எங்கிருந்து வந்தது? விகுதி அடிப்படையில் 'அஸ்ஸ'. ஆனால் லூவியத்தில் பொதுப்பால் பெயர்களின் எழுவாயிலும் செயப்படுபொருளிலும் 'அ' இருக்க வேண்டிய இடத்தில் 'இ' வந்து உட்கார்ந்துவிடும். மொழியியலில் இதற்கு இகரத் திரிபு என்று பெயர். ஹிட்டைட்டில் இந்தத் திரிபு கிடையாது. ஆகவே இந்தச் சொல்லின் முடிவில் லூவியம் இருமுறை முத்திரை குத்தியிருக்கிறது, விகுதியில் ஒன்று, இகரத்தில் இன்னொன்று. ஹிட்டைட் எழுத்தர்கள் அந்த இகரத்தோடு சேர்த்தே சொல்லை வாங்கி, இகர ஈற்றுப் பெயர் போல நடத்தினார்கள்.

இந்தப் பிரிப்பில் இரண்டு தவறுகள் எளிதாக நடக்கும். ஒன்று, நடுவில் இருக்கும் 'அஸ்'ஸை ஹிட்டைட்டின் ஆறாம் வேற்றுமை உருபு என்று எடுப்பது. அந்த உருபின் வடிவமும் 'அஸ்'தான். ஆனால் உருபுக்குப் பின்னால் மறுபடியும் ஒரு விகுதி ஒட்டி, அதன்மேல் எழுவாய் உருபும் ஏறுவது ஹிட்டைட் முறை அல்ல. இரண்டாவது, சொல் கடைசி 'ஸ்' இல்லாமல் 'பிஹஸ்ஸஸ்ஸி' என்று வருமிடத்தில் 'ஸ்ஸி'யைத் தனியே கழற்றிவிடுவது. ஹிட்டைட்டில் 'அவனுக்கு' என்று பொருள்படும் ஒட்டுச்சொல் 'ஸ்ஸி'. வாக்கியத்தின் முதல் சொல்லோடு அது ஒட்டிக்கொள்ளும். அந்தப் பிரார்த்தனையில் தெய்வத்தை விளித்து வாக்கியம் தொடங்கும் இடங்களும் உண்டு என்பதால் 'அவனுக்கு' என்று படிக்க ஆசை வரும். அப்படிப் படித்தால் வாக்கியத்தில் 'அவன்' யார் என்று ஆள் கிடைக்காது. அந்த இடத்திலேயே பிரிப்பு தவறு என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

விகுதியை உறுதிப்படுத்தப் பக்கத்திலேயே இன்னொரு சான்று இருக்கிறது. முவத்தல்லி ஹத்துஸாவை விட்டுத் தலைநகரைத் தெற்கே மாற்றினான். அந்த நகரின் பெயர் தர்ஹுந்தஸ்ஸா. தர்ஹுந்த் என்பது லூவியர்கள் புயல் தெய்வத்துக்கு வைத்த பெயர். 'தர்ஹுந்துக்கு உரியது' என்பதே ஊரின் பெயர், அதே 'அஸ்ஸ' விகுதி. அரசனின் பெயரும் லூவியம்தான்: 'முவ' என்றால் வலிமை, முவத்தல்லி என்றால் வலிமை மிக்கவன். அரசன் பெயர், அவன் தெய்வத்தின் அடைமொழி, அவன் நகரம் என்று மூன்றும் லூவியம். ஹத்துஸாவில் எழுத்து ஹிட்டைட்டில் நடந்த அதே காலத்தில் மக்களில் பலர் லூவியம் பேசினார்கள் என்று இன்றைய ஆய்வாளர்கள் பலர் கருதுவதற்கு இப்படிப்பட்ட பெயர்களும் ஒரு காரணம்.

இனிப் பொருள். 'பிஹஸ்' என்றால் என்ன என்று லூவியர் யாரும் அகராதி எழுதி வைக்கவில்லை. பொருளைத் திறந்துகொடுத்தது எழுத்தர்களின் சுருக்கெழுத்துப் பழக்கம். ஹிட்டைட் எழுத்தர்கள் பல சொற்களை ஒலிப்படி எழுதாமல் சுமேரியக் குறியால் எழுதிவிடுவார்கள். 'ரூ.' என்று எழுதிவிட்டு 'ரூபாய்' என்று நாம் படிக்கிற மாதிரி. இதே புயல் தெய்வத்தைச் சில இடங்களில் 'ஹி.ஹி' என்ற இரட்டைச் சுமேரியக் குறியாலும், அதன் பின்னால் 'அஸ்ஸி' என்ற ஒலிப்பகுதியைச் சேர்த்தும் எழுதியிருக்கிறார்கள். ஹி.ஹி என்பதன் பொருள் மெசொப்பொத்தேமியச் சொற்பட்டியல் மரபிலிருந்து தெரியும்: மின்னல். அந்தக் குறிக்குப் பின்னால் 'அஸ்ஸி' நிற்பதால், 'பிஹஸ்' இருந்த இடத்தில்தான் ஹி.ஹி வந்திருக்கிறது என்பதும், விகுதி தனி என்பதும் ஒரே வீச்சில் உறுதியாகின்றன. பிரிப்புக்கும் பொருளுக்கும் ஒரே சான்று கிடைப்பது அபூர்வம். எனக்கு இந்தச் சொல் மேல் இவ்வளவு பிரியம் வரக் காரணமே இந்த எழுத்து வேறுபாடுதான்.

ஆக, 'மின்னலுக்குரிய புயல் தெய்வம்'.

ஆனால் 'பிஹ' என்ற வேரின் பொருள் மின்னலோடு நின்றுவிடவில்லை. லூவியப் பெயர்களில் அது நிறைய வருகிறது. சிரியக் கடற்கரையில் இருந்த உகரித் நகரின் அரசன் இபிரானுவுக்குக் கடிதம் எழுதிய ஹிட்டைட் இளவரசன் பெயர் பிஹவல்வி. 'வல்வி' என்றால் சிங்கம். பிஹஸித்தி என்றும் பெயர் உண்டு, 'ஸித்தி' என்றால் ஆள். இவற்றில் 'மின்னல்' என்று வைப்பதைவிட 'ஒளி, பொலிவு, வீறு' என்று வைப்பதே பொருந்துகிறது. வேர்ப்பொருள் ஒளிர்தல், அதில் வானத்தில் வெட்டுவதைக் குறிப்பாகச் சொல்லும்போது மின்னல். நம் 'மின்' என்பதும் அப்படித்தான் விரிகிறது என்பதால் தமிழில் பெயர்க்கும்போது பெரிய சிரமம் இல்லை.

ஹிட்டைட்டில் இடி, மின்னல் வகைக்குச் சொல் இல்லாததால் கடன் வாங்கினார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. முவத்தல்லியின் தந்தை இரண்டாம் முர்ஸிலி. தன் ஆட்சி வரலாற்றில் அவன் ஒரு நிகழ்ச்சி சொல்கிறான். மேற்கு அனத்தோலியாவின் அர்ஸவா நாட்டின் மேல் படை நடத்திப் போகும்போது புயல் தெய்வம் வானத்திலிருந்து ஒரு நெருப்பை எறிந்தது. தன் படையும் பார்த்தது, அர்ஸவா நாடும் பார்த்தது. அது போய் அபாஸா நகரத்தைத் தாக்கியது, அர்ஸவா அரசன் உஹ்ஹஸித்தி முழங்கால் மடங்கி நோயில் விழுந்தான். அங்கே அந்த வான நெருப்புக்கு முர்ஸிலி பயன்படுத்தும் சொல் 'கல்மிஸன'. தந்தைக்கு இந்தச் சொல் கைவசம் இருந்தது, மகன் லூவியச் சொல்லை எடுக்கிறான். தேவை பொருளுக்கு அல்ல. பிஹஸ்ஸஸ்ஸி ஒரு குறிப்பிட்ட தெய்வ வடிவத்தின் பெயர். நெரிக் ஊரின் புயல் தெய்வம், ஸிப்பலந்தாவின் புயல் தெய்வம், படையின் புயல் தெய்வம் என்று பல வடிவங்கள் தனித்தனி வழிபாட்டோடு இருந்தன. தெய்வத்தை மொழிபெயர்க்க மாட்டார்கள். அதை வழிபட்டவர்கள் அழைத்த பெயராலேயே அழைப்பார்கள். பெயரோடு விகுதியும் இகரமும் சேர்ந்தே வந்தது அதனால்தான்.

அந்தப் பிரார்த்தனையில் ஓரிடம் இதை நன்றாகக் காட்டும். தன்னைப் பெற்றது தந்தை என்றாலும், தாயிடமிருந்து எடுத்து வளர்த்து, ஹத்தி நாட்டின், அதாவது ஹிட்டைட் நாட்டின், அரசாட்சியில் நிறுத்தியது மின்னல் தெய்வம்தான் என்கிறான் முவத்தல்லி. பறவை கூண்டில் புகலடைந்து பிழைப்பது போலத் தானும் அந்தத் தெய்வத்திடம் புகலடைந்ததாகவும், அது தன்னை உயிரோடு வைத்ததாகவும் சொல்கிறான். கி.மு. 1274இல் காதேஷில் எகிப்தின் இரண்டாம் ராம்சேஸோடு மோதிய அரசன் இவன். இந்த அளவு நெருக்கமான தனிப்பட்ட தெய்வத்துக்கு அவன் வைத்திருக்கும் பெயரை எழுத்தர் மாற்றி எழுத வாய்ப்பே இல்லை.

தர்ஹுந்தஸ்ஸாவைப் பற்றிக் கூடுதலாகப் படிக்க விரும்புபவர்கள் வெண்கலப் பலகையிலிருந்து தொடங்கலாம். 1986இல் ஹத்துஸாவின் தெற்கு மதில் பக்கம் கிடைத்தது. சுமார் 35 சென்டிமீட்டர் நீளம், 23.5 சென்டிமீட்டர் அகலம், ஏறக்குறைய 5 கிலோ எடை. ஹிட்டைட் அரசன் நான்காம் துத்ஹலியாவும் முவத்தல்லியின் மகன் குருந்தாவும் செய்துகொண்ட ஒப்பந்தம். தர்ஹுந்தஸ்ஸா நாட்டின் எல்லைகளை ஆறு, மலை, ஊர் என்று பெயர் சொல்லி வரையறுக்கிறது. கஸ்தரயா ஆறும் பர்ஹா நகரமும் அதில் வருகின்றன. பிற்காலக் கிரேக்கர்களின் கெஸ்த்ரோஸ் ஆறும் பெர்கே நகரமும்தான் அவை.

இப்போது மூலம். 'பிஹ' வேருக்குப் பொதுவாகக் காட்டப்படும் மூலம், இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் 'ஒளிர்' என்று பொருள்படும் வேர். அதன் முதல் ஒலி மூச்சோடு கூடிய பகரம். சமஸ்கிருதத்தில் 'பா', 'பாஸ்' என்று வருவது இதுவே. பாஸ்கரன் என்ற பெயரின் முதல் பகுதியும் இதே வேர். கிரேக்கத்தில் ஒளிக்கு 'ஃபாஓஸ்'. சமஸ்கிருதத்தில் உயிரை நீட்டிவிட்டு மறைந்துபோன ஓர் ஒலி லூவியத்தில் 'ஹ' என்று அப்படியே நிற்கிறது. அனத்தோலிய மொழிகளின் பெரிய மதிப்பே இதில்தான் இருக்கிறது. மற்ற கிளைகளில் தடயம் மட்டும் விட்டுப் போன தொண்டை ஒலிகளை இவை மெய்யாகவே எழுதி வைத்திருக்கின்றன. வேரில் 'ஆ' வராமல் 'இ' வந்திருப்பது ஏன் என்றால், அடிப்படையில் நீண்ட 'ஏ' இருந்திருக்கிறது என்பது விளக்கம். குறுகிய 'எ' அந்தத் தொண்டை ஒலியின் பக்கத்தில் 'அ' ஆகிவிடும், நீண்ட 'ஏ' ஆகாது. அந்த 'ஏ' லூவியத்தில் 'ஈ' ஆகும்.

இந்த இடத்தில் நம் பக்கத்து ஆர்வலர்களுக்கு மனதாரச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. குமரிக்கண்டத்தைப் பற்றிப் பேசும்போது உலகத்தின் எந்தப் பழைய சொல்லையும் தமிழோடு இணைக்கும் பழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. 'பிஹ' என்று பார்த்ததும் 'பிழம்பு' நினைவுக்கு வரும். ஒளி, நெருப்பு, பொருளும் பக்கம்தான். ஆனால் ஓர் ஒப்பீடு நிற்க வேண்டுமானால் ஒலிக்கு ஒலி முறையாகப் பொருந்த வேண்டும், அதே பொருத்தம் வேறு பல சொற்களிலும் திரும்ப வர வேண்டும். லூவிய 'ஹ' தமிழில் 'ழ' ஆகிறது என்று காட்ட இரண்டாவது சொல் கிடையாது. பிழம்பில் இருக்கும் 'ம்பு' எங்கே போனது என்பதற்கும் பதில் கிடையாது. தமிழின் தொன்மைக்குத் தமிழிலேயே சான்று நிறைய இருக்கிறது. லூவியத்திடம் போய் இரவல் வாங்க வேண்டியதில்லை.

கிரேக்கம் பக்கம் ஓர் இணைப்பு உண்டு, அதுவும் விவாதத்துக்குரியதுதான். இறக்கை முளைத்த குதிரை பெகஸோஸ். பழைய கிரேக்கக் கவிஞர் ஹெஸியோதின் பாட்டில் அது தெய்வங்களின் தலைவர் ஸியூஸின் வீட்டில் வசித்து, அவருக்காக இடியையும் மின்னலையும் சுமக்கிறது. பெகஸோஸின் மேல் ஏறிப் போகும் வீரன் பெல்லெரொஃபோனின் கதை பெரிதும் நடப்பது தென்மேற்கு அனத்தோலியாவின் லிசியாவில், லிசியமோ லூவியத்துக்கு மிக நெருங்கிய மொழி. பெகஸோஸ் என்ற பெயர் பிஹஸ்ஸஸ்ஸியிலிருந்து வந்தது என்ற கருத்து இந்த மூன்றையும் சேர்த்து எழுந்தது. கிரேக்கர்கள் தங்கள் மொழியில் இல்லாத தொண்டை 'ஹ'வைக் ககர வகை ஒலியாக வாங்குவது நடக்கக்கூடியதே. இருமுறை வரும் 'அஸ்ஸ' ஒன்றாகச் சுருங்குவதும் நடக்கக்கூடியதே. ஆனால் குதிரை எங்கிருந்து வந்தது? முவத்தல்லியின் பிரார்த்தனையில் மின்னல் தெய்வத்துக்கு இறக்கைக் குதிரை இல்லை. பெயர் போயிருக்கலாம், உருவம் வேறு இடத்திலிருந்து வந்திருக்கலாம். இதை நல்ல கருதுகோள் என்று வைத்துக்கொள்ளலாம், நிறுவப்பட்டது என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கக் கூடாது.

சொந்தமாகத் தேடிப் பார்க்க விரும்புபவர்களுக்குச் சில குறிப்புகள். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ இருந்துகொண்டு இதைப் படிக்க ஒரு காசும் செலவாகாது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஹிட்டைட் அகராதித் தொகுதிகள் இணையத்தில் இலவசமாகப் பதிவிறக்கக் கிடைக்கின்றன. நமக்கு வேண்டிய சொல் பகரத் தொகுதியில் இருக்கிறது. அந்த அகராதியில் பகரத்துக்கும் அதன் மெல்லொலிக்கும் தனித்தனி வரிசை கிடையாது, இரண்டும் ஒன்றாகவே அடுக்கப்பட்டிருக்கும். தகரத்துக்கும் ககரத்துக்கும் அதே விதி. வல்லொலி தனி, மெல்லொலி தனி என்று ஆங்கில வரிசையில் தேடினால் சொல் கிடைக்காது. பலகைகளின் நிழற்படங்களை மைன்ஸ் நகரத்தின் ஹிட்டைட்டியல் இணைய வாயிலில் பார்க்கலாம். முவத்தல்லியின் பிரார்த்தனைக்கு ஹிட்டைட் நூற்பட்டியலில் எண் 381. அதன் இரண்டு முக்கியப் படிகள் கே.யூ.பி. என்ற பலகைப் பதிப்பு வரிசையில் 6.45, 6.46. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், ஒன்றில் உடைந்த குறியை மற்றொன்றிலிருந்து நிரப்பலாம். நான் மேலே சொன்ன 'அஸ்' பிரச்சினைக்கு அதுதான் சரியான மருந்து.

அகராதியைத் திறந்தால் பிஹஸ்ஸஸ்ஸியோடு நிற்காமல் அதற்குக் கொஞ்சம் மேலே 'பிஹயிம்மி' என்ற சொல்லையும் பாருங்கள். அதுவும் புயல் தெய்வத்தின் அடைமொழிதான், அதே வேர். ஆனால் விகுதி வேறு: 'ம்மி' லூவியத்தில் இறந்தகாலப் பெயரெச்சத்தை உண்டாக்கும். ஹிட்டைட்டில் அந்த வேலையைச் செய்வது 'அந்த்' என்ற விகுதி. பிஹஸ்ஸஸ்ஸி 'மின்னலுக்குரியது' என்றால் பிஹயிம்மி 'ஒளி பெற்றது'. ஸகரத் தொகுதியில் 'ஸர்லயிம்மி' என்ற சொல்லைத் தேடி, 'உயர்த்தப்பட்ட' என்ற பொருள் எப்படி வருகிறது என்று இதே முறையில் பிரித்துப் பார்க்கலாம். முதலில் கடைசி 'ஸ்'ஸைக் கழற்றுங்கள், பிறகு இகரம் இருக்கிறதா என்று பாருங்கள், அதற்குப் பிறகே விகுதியில் கை வையுங்கள்.